மின்சாரப் பிக்கப் வண்டிகளின் வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரச் சரக்கு வண்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் சேலத்தில் பெருகிவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் லோடு ஓட்டுபவர்கள், எவர்சில்வர் பட்டறை வைத்திருப்பவர்கள், ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள் என்று யாரிடம் பேசத் தொடங்கினாலும், பேச்சு சற்று நேரத்தில் அமெரிக்காவின் விசித்திர வடிவப் பிக்கப் வண்டிகள் பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். வண்டியை மொத்தமாகப் புகழ்வதோ இகழ்வதோ பயன் தராது. வழக்கத்துக்கு மாறான ஒவ்வோர் அம்சத்தையும் தனியாக எடுத்து, அது எந்த வேலையை எளிதாக்குகிறது, அதற்கான சிரமம் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதே இங்கே நான் பின்பற்றும் வழி.

1. பிக்கப்புன்னா நம்ம லோடு வண்டி தானுங்களே, அதுல என்ன பெரிய டிசைன்?

பெயர் ஒன்றாக இருந்தாலும் அமெரிக்கப் பிக்கப்பும் நம் ஊர் பிக்கப்பும் வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. அங்கே அது ஐந்து பேர் உட்காரும் குடும்ப வண்டியாகவும், வார இறுதியில் படகை இழுத்துச் செல்லும் வண்டியாகவும், எப்போதாவது மரம் ஏற்றும் வண்டியாகவும் இருக்க வேண்டும். இங்கே அது காலையில் மரவள்ளிக் கிழங்கு, மதியம் அட்டைப் பெட்டி, மாலையில் கம்பி என்று நாள் முழுவதும் சுமை ஏற்றிச் சம்பாதிக்க வேண்டிய வண்டி.

நம் நாட்டில் 2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் இ.வி. மின்சார வண்டியாக இருந்தும் பழைய ஏஸின் உருவத்தையே வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் ரிவியன் ஆர்1டி 2021-இலும், ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 2022-இலும், டெஸ்லா சைபர்டிரக் 2023 நவம்பர் இறுதியிலும் வாடிக்கையாளர்களிடம் வந்து சேர்ந்தன. சைபர்டிரக் நம் நாட்டில் விற்பனைக்கு இல்லை. ஆயினும் வாதங்கள் எல்லாம் அதைச் சுற்றியே நடப்பதால் இங்கும் அதுவே அதிகம் பேசப்படுகிறது.

2. அந்த எவர்சில்வர் வண்டி ஏன் அட்டையை மடிச்ச மாதிரி இருக்குது?

வடிவத்துக்கு முதல் காரணம் தகடு. சாதாரண வண்டிக்கு மெல்லிய மைல்டு ஸ்டீல் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வளைவு நெளிவுகளைக் கொண்டுவருகிறார்கள். சைபர்டிரக்குக்குத் தேர்ந்தெடுத்ததோ குளிர்முறையில் உருட்டிக் கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது வளைத்தால் மீண்டும் எகிறும். வளைக்க வளைக்க இன்னும் கடினமாகும். சேலம் உருக்காலை 1981 முதல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டிவரும் ஊரில், இதைப் பட்டறைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிண்ணம் இழுக்கும் தகடு வேறு, நேராக மடிக்கத்தான் முடியும் என்கிற தகடு வேறு. பொருளை முதலில் தீர்மானித்தபின், தட்டையான முகங்களும் நேர்க்கோடுகளும் ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டன.

வெளித்தகடே வண்டியைத் தாங்கும் எலும்புக்கூடு என்று 2019 நவம்பரில் அறிமுக மேடையில் பேசப்பட்டது. தகட்டின் கனம் 3 மில்லிமீட்டர் என்றார்கள். உற்பத்திக்கு வந்தபோது கதவுத் தகடு சுமார் 1.8 மில்லிமீட்டராக இருந்தது. முன்னும் பின்னும் பெரிய வார்ப்புகளைக் கொண்ட உள்கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது, வெளித்தகடுகள் அதன்மேல் பொருத்தப்பட்டவை. ஆகவே, தகடே எலும்பாக இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய எடைக் குறைவு முழுமையாகக் கிடைக்கவில்லை; அந்த யோசனையால் வந்த வடிவம் மட்டும் தங்கிவிட்டது. இந்த வண்டியைப் பற்றிய என் முதன்மையான விமர்சனம் இதுதான். அழகு பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை.

3. எவர்சில்வர் துருவே பிடிக்காதே, அப்புறம் ஏன் புள்ளி விழுந்துச்சுன்னு புகார் சொல்றாங்க?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது; துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். வேறு இரும்புத் துகள் அதன்மேல் வந்து ஒட்டினால், துருப்பிடிப்பது அந்தத் துகள். இரும்பு நாரால் தேய்த்த எவர்சில்வர் பாத்திரத்தை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாள் பழுப்புப் புள்ளி தெரிவதும் இதே காரணத்தால்தான். உடனே துடைத்தால் போய்விடும். உப்பும் ஈரமும் சேர்ந்து நாள்பட விட்டால் தகட்டையே அரிக்கத் தொடங்கும். வெல்டிங் பட்டறை, கிரைண்டர் பொறி, ரயில் பாதை ஆகியவற்றின் அருகில் நிறுத்தும் வண்டிக்கு இது அன்றாடப் பிரச்சினை.

4. பெயிண்ட் செலவு மிச்சம், அடிபட்டா டிங்கர் பார்த்துக்கலாம்னு நினைக்கறேன், சரிதானுங்க?

பெயிண்ட் செலவு மிச்சம் என்பது உண்மை. டிங்கர் சரிசெய்துவிடலாம் என்பது உண்மையில்லை. சாதாரண வண்டியில் பள்ளம் விழுந்தால் தட்டி எடுத்து, பட்டி பூசி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தால் பழுது மறைந்துவிடும். மறைக்கப் பூச்சே இல்லாத தகட்டில் பட்டி பூச முடியாது. தட்டினால் சுத்தியல் தடம் தெரியும், சூடுபடுத்தினால் நீலம் பாயும், தேய்த்தால் தகட்டின் இழை ஓட்டம் மாறிவிடும். தகட்டையே மாற்றுவதுதான் வழி. 1981 முதல் வட அயர்லாந்தில் தயாரான டிலோரியன் காரிலும் இதே ஸ்டெயின்லெஸ் உடம்பும் இதே சிக்கலும் இருந்தன.

தகட்டைப் பொருத்தும் முறையும் கவனிக்கத்தக்கது. கண்ணாடியின் ஓரமாகக் கூரை விளிம்பில் ஓடும் ஸ்டெயின்லெஸ் பட்டை, ஒட்டும் பசை விட்டுப்போய் ஓட்டத்திலேயே கழன்று விழக்கூடும் என்பதால், 2025 மார்ச்சில் 46,096 சைபர்டிரக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதுவரை விற்பனையானவற்றில் ஏறக்குறைய எல்லாமே அதில் அடங்கும்.

பெயிண்டைத் தவிர்க்க வேறொரு வழியும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தப்பட்ட ஸ்லேட் என்னும் சிறிய மின்சாரப் பிக்கப், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தகடுகளையே வெளியுடம்பாகக் கொண்டது. நிறம் பொருளிலேயே கலந்திருக்கிறது; வேண்டியவர்கள் மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். சன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், நடுவில் திரையே கிடையாது. இதுவும் வழக்கத்துக்கு மாறானதுதான், ஆனால் இங்கே ஒவ்வொரு விசித்திரமும் விலையைக் குறைப்பதற்காக வந்திருக்கிறது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

5. அந்த ஷேப்பு காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும், அதனால சார்ஜ் மிச்சமாகும்னு பையன் சொல்றான்.

சைபர்டிரக்கின் வடிவம் கூரை உச்சியிலிருந்து பின்பக்கம் சரிந்து வருவதும் தொட்டியை மூடும் சுருள் மூடியும் காற்றுக்கு உதவுகின்றன என்பது சரி. ஆனால் நிறுவனங்கள் தாமே சொல்லும் காற்றுத் தடைக் கெழு (எண் குறையக் குறையத் தடை குறைவு) சைபர்டிரக்குக்கு சுமார் 0.34, பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ரிவியனுக்கு 0.30. கூர்மையாகத் தெரிவது காற்றுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலும் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. நகருக்குள் 40 கி.மீ. வேகத்தில் செல்லும் லோடு வண்டிக்கு அது 80 கி.மீ. வேகத்தில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். அங்கே எடையே பெரிய கணக்கு.

6. இன்ஜினே கிடையாதே, பின்ன முன்னாடி அவ்வளவு நீள மூக்கு எதுக்கு?

நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது இது. மோட்டார் சக்கர அச்சுகளுக்கு அருகிலும் பேட்டரி தரைக்கு அடியிலும் போய்விட்டபின், பழைய மூக்கு பழக்கத்தின் எச்சம்தான் என்று தோன்றுவது இயல்பு. ஒரு பகுதி அப்படித்தான். வாங்குபவருக்குப் பிக்கப் பிக்கப்பாகத் தெரிய வேண்டும். இன்னொரு பகுதி பாதுகாப்பு. நேருக்கு நேர் மோதும்போது நொறுங்கி விசையை உறிஞ்ச ஓரளவு நீளம் தேவை. ஓட்டுநரின் முழங்கால் பம்பருக்கு மிக அருகில் இருக்கும் வண்டிகளின் விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நீளத்தின் மதிப்பு தெரியும்.

மூக்கை வைத்துக்கொண்டு பயனாக்கியவர்கள் ஃபோர்டுகாரர்கள். லைட்னிங்கின் முன்பக்கம் 400 லிட்டர் அளவுள்ள பூட்டக்கூடிய பெட்டியாக இருக்கிறது. மழை நனையாத, திருட முடியாத இடம் திறந்த தொட்டி வண்டியில் வேறெங்கும் கிடையாது. ரிவியன் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே, வண்டியின் குறுக்காக இரு பக்கமும் திறக்கும் சுரங்கம் போன்ற அறையை அமைத்தது. சுமார் 330 லிட்டர். இயந்திரமும் அதன் இணைப்புகளும் போனதால் கிடைத்த இடத்தை இந்த இரண்டும் நேர்மையாகப் பயன்படுத்துகின்றன. மூக்கையே ஏறக்குறைய நீக்கியவர்களும் உண்டு: 2023-இல் அறிவிக்கப்பட்ட டெலோ எம்.டி.1 வெறும் 3.86 மீட்டர் நீளத்தில் ஐந்து இருக்கையும் 5 அடித் தொட்டியும் தருவதாகச் சொல்கிறது. நம் ஏஸின் நீளம் 3.8 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் அருமை புரியும்.

7. அத்தனை பெரிய வண்டிக்குத் தொட்டி இத்தனூண்டா? இதுல என்னத்தை ஏத்தறது?

சைபர்டிரக்கின் நீளம் 5.68 மீட்டர், தொட்டி 6 அடி. ஏஸ் அதைவிட ஏறக்குறைய இரண்டு மீட்டர் குட்டை, அதன் தொட்டி சுமார் 7 அடி. ஒன்றில் ஐந்து பேர், மற்றதில் இரண்டு பேர் என்ற வேறுபாட்டைச் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் சுமைக் கணக்கு யோசிக்க வைக்கிறது. சைபர்டிரக் சுமார் 3 டன் எடையோடு ஏற்றக்கூடியது 1.13 டன். 2024-இல் வந்த ஏஸ் இ.வி. 1000 ஒரு டன்னை, ஏறக்குறைய தன் எடையளவுச் சுமையை, ஏற்றுகிறது.

நீளத்தைவிட முக்கியமானது ஏற்றுபவரின் கை எட்டுவது. நம் வண்டிகளில் மூன்று பக்கப் பலகையும் இறங்கும். லோடுமேன் எந்தப் பக்கம் நின்றும் மூட்டையைத் தோளிலிருந்து நேராக வைக்கலாம். சந்தில் பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றாலும் பக்கவாட்டில் இறக்கலாம். சைபர்டிரக்கின் பக்கச் சுவர்கள் கூரையிலிருந்து சரிந்து வருவதால், கேபின் அருகே தோளுக்கும் மேல் நிற்கின்றன. உள்ளே ஆழத்தில் உள்ள மூட்டையை எடுக்கப் பின்வழியாக ஏறித்தான் போக வேண்டும். கூரைக் கோட்டுக்காக லோடுமேனின் முதுகு ஒடிக்கப்படுகிறது என்பதே என் கருத்து. வடிவமைப்புப் பேச்சுகளில் ஓட்டுபவரைப் பற்றி நிறைய வருகிறது, ஏற்றி இறக்குபவரைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. சரக்கு வண்டியில் அவரும் அதைப் பயன்படுத்துபவர்தான்.

நீளம் போதாத குறைக்கு நல்ல விடை ஷெவர்லே சில்வராடோ இ.வி.யில் இருக்கிறது. கேபினின் பின்சுவரை மடித்து, பின் இருக்கை இடத்தையும் தொட்டியோடு சேர்த்துக்கொள்ளலாம். குழாய், மூங்கில், கம்பி ஏற்றுபவருக்கு இது கண்கூடான பயன். இந்த யோசனையை அந்நிறுவனம் 2001 வாக்கிலேயே அவலாஞ்ச் என்ற பெட்ரோல் வண்டியில் கொண்டுவந்துவிட்டது.

8. லோடோட ஏற்காட்டுக்கு ஏறுமா, பாதி வழியில நின்னுருமா?

ஏறும், மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசை தருவதால் வளைவில் நிறுத்தி எடுப்பதுகூட டீசலைவிட எளிது. எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதுதான் கேள்வி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். சுமையோடு 2 டன் எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 6.5 யூனிட் தேவை, அதாவது வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட். சக்கர உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 30 கி.மீ. பயணத்துக்கு 10 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஏஸ் இ.வி.யின் பேட்டரி 21.3 யூனிட். சமதளச் சோதனையில் 154 கி.மீ. என்று சொல்லப்பட்ட வண்டி, சேலத்திலிருந்து மேலே போய்ச் சேரும்போது ஏறக்குறைய பாதியைச் செலவழித்திருக்கும். நாகலூர் போன்ற மலை உட்கிராமங்களுக்கு மேலும் போவதானால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வண்டியின் சொந்த எடையும் இங்கேதான் வெளிப்படுகிறது. 4 டன்னுக்கு மேல் எடையுள்ள ஜி.எம்.சி. ஹம்மர் இ.வி., ஒரு மூட்டைகூட ஏற்றாமல் தன்னையே ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொள்ள 13 யூனிட்டுக்கு மேல் செலவழிக்க வேண்டும். பெரிய பேட்டரி, அதைத் தாங்கப் பெரிய அடிச்சட்டம், அதை இழுக்க இன்னும் பெரிய பேட்டரி என்ற சுழற்சியில் சிக்கிய வடிவமைப்பு மலைப் பாதைக்கு உகந்ததல்ல.

9. இறங்கறப்ப தானா சார்ஜ் ஏறிக்குமாமே?

ஏறும், முழுவதும் ஏறாது. முந்தைய பதிலில் உள்ள வண்டியே அதே எடையில் காபி மூட்டைகளோடு இறங்கினால், உராய்வும் மாற்றத்தில் போகும் இழப்பும் கழிந்து சுமார் 3 யூனிட் திரும்பலாம் என்பது என் கணக்கு. பிரேக் கட்டை தேயாமல் இருப்பதும் சூடேறாமல் இருப்பதும் அதைவிடப் பெரிய லாபம்.

ஓர் எச்சரிக்கை. தோட்டத்திலேயே இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இல்லாததால் மோட்டாரின் பிடிப்பு குறைந்துவிடும். முதல் சில வளைவுகளில் சாதாரண பிரேக் மட்டுமே கைகொடுக்கும். மேலே 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

10. பின்சக்கரமும் திரும்புமாம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அது நல்லது தானுங்க?

நீளமான வண்டிக்கு நல்லது. மெதுவாகச் செல்கையில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்புவதால் திருப்பு வட்டம் சுருங்கும். ஹம்மர் இ.வி. நான்கு சக்கரத்தையும் ஒரே திசையில் திருப்பி நண்டுபோலச் சாய்வாக நகரவும் செய்யும். ஆனால் வண்டியே 3.8 மீட்டர் என்றால் இந்தத் தேவை எழுவதே இல்லை.

11. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ராடே இல்லைங்கறாங்க. ஒயர் கட்டாச்சுன்னா நாம என்ன பண்றது?

சைபர்டிரக்கில் திருப்பும் கட்டளை மின் சமிக்ஞையாகவே போகிறது. 2013-இல் இன்ஃபினிட்டி கியூ50 காரில் இம்முறை வந்தபோது, பழுதானால் இணைந்துகொள்ளும் இயந்திரத் தண்டு ஒன்று காப்பாக இருந்தது. டெஸ்லா அதையும் நீக்கிவிட்டு மோட்டார், உணரி, மின்வழி ஆகியவற்றை இரட்டையாக அமைத்திருக்கிறது. விமானங்களில் பல பத்தாண்டுகளாக உள்ள முறை என்பது சரியான வாதம்; விமானத்துக்குக் கிடைக்கும் பராமரிப்பு லோடு வண்டிக்குக் கிடைக்காது என்பதும் சரியான வாதம். எலி ஒயர் கடிக்கும் கொட்டகையில் நிறுத்தும் வண்டிக்கு நான் இப்போதைக்கு ராடையே கேட்பேன்.

அதே வண்டியின் 48 வோல்ட் மின்னமைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். வழக்கமான 12 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அதே வேலைக்குக் கால் பங்கு மின்னோட்டமே போதும். ஒயர் மெலியும், செம்பு மிச்சமாகும். வெளியில் யாருக்கும் தெரியாத இந்த மாற்றம் அந்த வண்டியின் சிறந்த வடிவமைப்பு முடிவு.

12. கதவுல கைப்பிடியே காணோமே?

சைபர்டிரக்கில் பொத்தானை அழுத்தினால் மின் தாழ்ப்பாள் விடுபடும். மின்சாரம் அற்றுப்போனால் முன்கதவுக்கு உள்ளே கைத்தாழ் எட்டும் இடத்தில் இருக்கிறது. பின்கதவுக்கானது கதவுப் பையின் அடி விரிப்பைத் தூக்கினால்தான் தெரியும். விபத்து நேரத்தில், புகையில், அந்த வண்டியில் முதன்முதலாக ஏறியவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். இதில் இரு பக்க நியாயம் எனக்குத் தெரியவில்லை.

13. நடந்து போறவங்க மேல பட்டா அந்த முனை கிழிச்சுராதா?

ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. விதிமுறை, பயணிகள் வாகனத்தின் வெளிப்புறத்தில் ஆள்மேல் படக்கூடிய விளிம்புகள் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்க வேண்டும் என்கிறது. சைபர்டிரக் அங்கே விற்கப்படாததற்கு இத்தகைய விதிகள் முக்கியமான தடை. நம் நாட்டிலும் பாதசாரிப் பாதுகாப்புக்கு ஏ.ஐ.எஸ்.-100 என்ற தரநிலை உண்டு. முனையோடு உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். நெஞ்சளவு உயர்ந்த தட்டை முகப்பு, ஆளை மேலே தூக்கிப் போடாமல் கீழே தள்ளுகிறது. முதல் அக்ரகாரத்துத் தெருவில் கடைவீதிக் கூட்டத்துக்கு நடுவே ஓட வேண்டிய வண்டிக்குத் தாழ்ந்த முகப்பே பொருத்தம்.

14. எஸ்டேட்ல கரண்டு போனா, வண்டியில இருந்து எடுத்துப் பல்பர் ஓட்டிக்கலாமா?

அமெரிக்க லைட்னிங் 9.6 கிலோவாட் வரை வெளியே தரும், வீட்டையே தாங்கும். இங்கே விற்பனையாகும் ஹூண்டாய் ஐயோனிக் 5 கார் 3.6 கிலோவாட் தருகிறது. பழத்தோல் உரிக்கும் பல்பருக்கு 3 குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஓட்டத்துக்கு 2.2 கிலோவாட் போதும் எனினும், கிளம்பும் நொடியில் அது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மும்முனை மோட்டாராக இருந்தால் ஒருமுனை இணைப்பில் ஓடவே ஓடாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பொருத்தமான டிரைவ் கருவி வைத்தால் முடியும், எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் செருகக் கூடாது. அறுவடைக் காலத்தில் பறித்த பழம் அன்றே உரிக்கப்பட வேண்டிய தோட்டக்காரருக்கு, எந்த வெளியழகைவிடவும் இந்த வசதி மதிப்புள்ளது. சிறு சரக்கு வண்டி செய்யும் நம் நிறுவனங்கள் இதைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும்.

15. கம்பெனி பாடி வேண்டாம், திருச்செங்கோட்டுல நம்ம இஷ்டத்துக்குக் கட்டிக்கலாமா?

டீசல் வண்டிக்குப் பழகிய உரிமையை இங்கே யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதை மாற்றும் எந்த வேலைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும், ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. அதோடு தொட்டிக்குக் கீழேயே பேட்டரி இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்தில் துளை போடுவதும், பேட்டரியைத் துண்டிக்காமல் வெல்டிங் வைப்பதும், ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளை நகர்த்துவதும் ஆபத்து; வாரண்டியும் போகும். பக்கப் பலகையை உயர்த்துவது, தார்ப்பாய் வளையம் வைப்பது போன்றவற்றை நிறுவனம் காட்டும் இடங்களில் போல்ட் போட்டுச் செய்யலாம்.

16. புது மாதிரி வண்டி வாங்கி, கம்பெனியே மூடிட்டா பார்ட்ஸுக்கு எங்க போறது?

நியாயமான பயம். லார்ட்ஸ்டவுன் என்னும் அமெரிக்க நிறுவனம் நான்கு சக்கரத்துக்குள்ளேயும் மோட்டார் வைத்த எண்டூரன்ஸ் பிக்கப்பைக் கொண்டுவந்து 2023 ஜூனில் திவால் மனு கொடுத்தது. கேபினை முன்னே தள்ளி மூக்கில்லாத பிக்கப்பை வரைந்த கானூ 2025 ஜனவரியில் மூடியது. 6-ஆம் கேள்வியில் நான் பாராட்டிய போக்கைச் சேர்ந்தது கானூ. நல்ல யோசனை நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

வாங்கும் முன் ஷோரூமில் மூன்று பொருள்களுக்கு விலையும் வரும் நாளும் எழுத்தில் கேளுங்கள்: முன்கண்ணாடி, ஒரு பக்கக் கதவு, பேட்டரியின் மேல் மூடி. இவற்றைச் சேலம் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றித் தருவார்களா, வண்டியை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்ப வேண்டுமா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.